முதல் படி, நாற்பத்திரண்டு சென்டிமீட்டர்

ஆகஸ்ட் 5

பன்னிரண்டு வருடங்களில் ஒரு டாக்டர் என்னிடம் கேட்ட முதல் நல்ல கேள்வி இன்றைக்குத்தான் வந்தது. “ஒரு நாள்ல எப்படியெல்லாம் உட்காருவீங்க, நிப்பீங்க, படுப்பீங்க?”

இதுவரை எல்லோரும் எங்கே வலிக்கிறது என்றுதான் கேட்டார்கள். எங்கே வலிக்கவில்லை என்று கேட்டிருந்தால் பதில் சுருக்கமாக இருந்திருக்கும்.

கோயம்புத்தூர் டாக்டர் பிரிசில்லா என் எக்ஸ்ரேக்களை வரிசையாக மாட்டி, ஒவ்வொன்றாகப் பார்த்தார். நோயின் பெயர் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். பதினாறு வயதில் வந்தது. முதுகெலும்புக் கண்ணிகளை ஒவ்வொன்றாக ஒட்டவைத்து ஒரே தடியாக்கிவிட்டு, கழுத்தில் பாதி வேலையை முடித்துவிட்டு, இப்போது இரண்டு இடுப்பு மூட்டுகளுக்கும் வந்துவிட்டது. என்னால் நேராக நிற்க முடியாது, நேராக உட்காரவும் முடியாது. இரண்டுக்கும் நடுவில் ஓரிடத்தில் இருக்கிறேன்.

இதற்கு முன் பார்த்த மூன்று பேரும் நாற்பது வயது தாண்டட்டும் என்றார்கள். வைக்கிற மூட்டு இருபது, இருபத்தைந்து வருடத்தில் தேய்ந்துவிடுமாம், இன்னொரு தடவை மாற்ற வேண்டியிருக்குமாம். எனக்கு இருபத்தெட்டு.

“நாப்பது வரைக்கும் காத்திருந்தா மூட்டு மிச்சமாகும்” என்றார் பிரிசில்லா. “நீங்க மிச்சமாக மாட்டீங்க.”

“அப்ப ரெண்டையும் ஒரே நாள்ல மாத்திடுங்க” என்றேன். அம்மா என் கையைக் கிள்ளினார்.

டாக்டர் தன் உள்ளங்கையைக் குவித்து, மறுகை முஷ்டியை அதில் வைத்துக் காட்டினார்: இடுப்பு மூட்டு ஒரு கிண்ணம், அதில் சுழலும் ஒரு பந்து. மற்றவர்கள் உட்காரும்போது முதுகு கொஞ்சம் வளைந்து இடுப்புக்கு உதவி செய்யும். எனக்கு அந்த உதவி கிடையாது. அதனால் கிண்ணத்தை எந்தச் சாய்வில் பொருத்துகிறார்கள் என்பதுதான் எல்லாம். சாய்வு தப்பினால், உட்காரும்போதோ நிற்கும்போதோ பந்து கழன்றுகொள்ளும். “நீங்க எப்படி வாழறீங்கன்னு தெரிஞ்சாத்தான் நான் வைக்க முடியும். மூணு வாரம் ஒரு நோட்டுல எழுதுங்க. ஆசைப்படறதை வேண்டாம். உள்ளது உள்ளபடி.”

வரும் வழியில் இரண்டு நோட்டு வாங்கினேன். ஒன்று டாக்டருக்கு; அது அம்மாவின் தையல் மெஷின் மேல் இருக்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இது எனக்கு. நான் திருத்தும் புரூஃப் கட்டுகளுக்கு அடியில் இருக்கும்.

அப்பா வாடகைக் காரின் முன்சீட்டில் இருந்தார். தனியார் பஸ் டிரைவர். மற்றவர் ஓட்டும் வண்டியில் உட்காருவது அவருக்குப் பிடிக்காது. பொள்ளாச்சி வரை ரோட்டையே பார்த்து வந்தார். பிறகு கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னார்: “இன்னொரு எடத்துல கேட்டுப் பாக்கலாம்.”

“மூணு எடத்துல கேட்டாச்சுங்ப்பா.”

“நாலாவது கேட்டா குத்தமில்ல.”

அந்தப் பேச்சோடு எங்கள் ஊர் உடுமலை வந்தது.


ஆகஸ்ட் 7

டாக்டர் நோட்டிலிருந்து:

காலை 6.10: பக்கவாட்டில் உருண்டு, கை ஊன்றி எழுந்தேன். 6.10 முதல் 7.00: சுவரைப் பிடித்து நடை. இறுக்கம் விட அவ்வளவு நேரம் ஆகும். 7.05: வெஸ்டர்ன் டாய்லெட், மேலே வைக்கும் உயரப் பலகையுடன். 7.30: ஸ்டூல் மேல் ஸ்டூல் போட்டுக் குளியல். பாதங்களுக்கு சோப்பு போட அம்மா. 8.30 முதல் 1.00 வரை வேலை: ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் நின்றபடி, ஃப்ரிட்ஜ் மேல் தாள்களை வைத்து.

இதைப் படித்தால் என் வேலை ஃப்ரிட்ஜ் சம்பந்தப்பட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். மதுரையில் ஒரு பதிப்பகத்துக்கு மெய்ப்புத் திருத்துகிறேன். இந்த வாரம் வந்திருப்பது ஒரு மலையேற்றக்காரரின் பயண நூல். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அவர் ஒரு சரிவில் குந்தி உட்கார்ந்து பள்ளத்தாக்கைப் பார்க்கிறார். குந்தி உட்கார்ந்ததை ஒரே சொல்லில் தாண்டிப் போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது.


ஆகஸ்ட் 8

பாதங்களுக்கு சோப்பு போட்டுக்கொண்டே அம்மா, “உனக்கு உன்ற அப்பா காலு” என்றார். விரல்களைச் சொன்னார்.


ஆகஸ்ட் 11

அம்மாவுக்கு டாக்டர் நோட்டு திருப்தியாக இல்லை. வாடிக்கைக்காரரின் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டே கேட்டார்.

“கீழ உக்காருறது எங்கம்மிணி? ஒரு எடத்துலயும் எழுதலையே?”

“நான் கீழ உக்காந்து ஆறு வருஷமாச்சு.”

“இனிமே உக்காரப் போறயில்ல? நாளைக்கு மணவறையில மூணு மணி நேரம் உக்கார வேண்டாமா? மாப்பிள்ளை கீழயும் நீ சேர்லயும் உக்காந்தா நல்லாவா இருக்கும்?”

“மாப்பிள்ளையும் சேர்ல உக்காரட்டும். முதல்ல மாப்பிள்ளை வரட்டும்.”

“வாய் மட்டும் எறுகல பாரு உனக்கு” என்றார் அம்மா.

மதியம் டிரிப்புக்கு நடுவில் அன்வர் அண்ணன் வந்தார். அப்பாவின் பஸ்ஸில் கண்டக்டர், பதினேழு வருடமாக. அவரிடம் அம்மாவின் இஞ்ச் டேப்பைக் கொடுத்து, பஸ்ஸின் முதல் படி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து வரச் சொன்னேன். சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்தார்.

“நாப்பத்திரண்டு சென்டிமீட்டர். ஸ்டாண்டுல மண்டிபோட்டு அளந்தனா, பஸ்ஸுக்கு ஜட்டி தைக்கப் போறியான்னு எல்லாரும் கேக்கறாங்க தெய்வா.”

என் பெயர் தெய்வானை. கல்லூரியில் அதை வைத்துச் சிரித்தவர்கள் உண்டு. அன்வர் அண்ணன் சுருக்கியது பிடித்திருக்கிறது.

டாக்டர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்: எனக்கு வேண்டியது, 42 செ.மீ.


ஆகஸ்ட் 12

ஏன் என்று இங்கேயாவது எழுதிவிடலாம்.

நான்கு வருடங்களுக்கு முன், மடத்துக்குளம் ஸ்டாப்பில் அப்பாவின் பஸ்ஸில் ஏறப் போனேன். முன்வாசல். வலது காலைத் தூக்கினேன், படிக்கு வரவில்லை. இடது காலைத் தூக்கினேன். பின்னால் ஏழெட்டுப் பேர். “கெழவியா இது, சின்னப் பொண்ணாட்டத்தான் இருக்குது” என்று ஒரு குரல். இரண்டு ஆண்கள் என் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, ஒரு மூட்டையை ஏற்றுவதுபோல் உள்ளே ஏற்றினார்கள். ஒருவர் நல்லவர். இன்னொருவர் நல்லவர் இல்லை.

டிரைவர் சீட் அங்கிருந்து நாலடி. அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முன்னால் பார்த்தபடியே இருந்தார். விசில் கேட்டதும் வண்டியை எடுத்தார்.

அதற்குப் பிறகு நான் பஸ் ஏறவில்லை. அவரும் கேட்கவில்லை.


ஆகஸ்ட் 15

கொடி ஏற்றும் நாள் என்று அப்பாவுக்கு மதியம்வரை ஓய்வு. பெரியப்பா வீட்டில் விருந்து. அங்கே எல்லோரும் ஒரே சொம்பில் தண்ணீரை அண்ணாந்து குடித்தார்கள். அப்பா குடிக்கவில்லை, தாகமில்லை என்றார். வீட்டுக்கு வந்ததும் தன் டம்ளரில் வாய் வைத்து மூன்று டம்ளர் குடித்தார். அவருக்கென்று தனி டம்ளர். எனக்கென்றும் ஒன்று உண்டு. என் கழுத்து பின்னால் சாயாது, அதனால் எனக்கு.

அவருடைய ஹெர்னியா பெல்ட் துணிக்கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. பதினோரு வருடத்தில் நான்காவது பெல்ட். ஒருமுறை ஆபரேஷனுக்கென்று போய், மருந்திலேயே சரியாகிவிடுமாம் என்று மறுநாள் திரும்பி வந்தார்.

இன்று எழுத வேறொன்றும் இல்லை.


ஆகஸ்ட் 19

ஆபரேஷனுக்கு முன் கிருமி தொற்றக் கூடாது என்பதற்காக, வழக்கமாகப் போடும் ஊசியை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அந்த ஊசிதான் நோயின் பல்லைக் கொஞ்சம் மழுக்கி வைத்திருந்தது.


ஆகஸ்ட் 22

கடித்தது. ஐம்பது நிமிடமாக இருந்த காலை இறுக்கம் இரண்டரை மணி நேரமானது. புரூஃப் மட்டும் அனுப்பிவிட்டேன். மலையேற்றக்காரர் சிகரம் தொட்டுவிட்டார்.


ஆகஸ்ட் 24

இருமினால் விலா வலிக்கிறது. இருமவில்லை.


ஆகஸ்ட் 27

கோயம்புத்தூர். மூன்று பேரும் போனோம்.

டாக்டர் பிரிசில்லா நோட்டைப் பக்கம் பக்கமாகப் படித்தார். ஒரு பக்கத்தில் நின்றார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி படித்தார்.

“தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் சம்மணம் போட்டு உட்காருவீங்களா? இந்த எக்ஸ்ரேயை வெச்சுகிட்டா?”

நான் எட்டிப் பார்த்தேன். என் கையெழுத்து மாதிரியே, ஆனால் இன்னும் அழகாக. ‘மாலை 5 முதல் 6: தரையில் சம்மணமிட்டு.’ ஒன்பது நாட்கள் எழுதியிருந்தது. இரண்டு இடத்தில் ‘கோலம் போடுவேன்’ என்றும் இருந்தது.

அம்மா சுவரில் இருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அம்மா!”

“ஏனுங் டாக்டரம்மா, நான் தப்பா ஒண்ணும் எழுதலீங்க. நான் தையக்காரி. ஜாக்கெட்டுக்கு அளவெடுத்தா ஒரு இஞ்சு உள்ள விட்டுத்தானுங் தைப்பேன். பொறவு வேணும்னா பிரிச்சுக்கலாமுல்ல? நீங்களும் அப்படிக் கொஞ்சம் விட்டு வெச்சீங்கன்னா...”

டாக்டர் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். தோற்றார். பிறகு அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். இதில் உள்ளே விட்டுத் தைக்க முடியாது. முன்பக்கம் கூட்டினால் பின்பக்கம் குறையும். குனிந்து உட்காருவதற்கென்று கிண்ணத்தைத் திருப்பினால், நிமிர்ந்து நிற்கும்போது பந்து கழலலாம். “உங்க பொண்ணு பத்து மணி நேரம் நிக்கறாங்க. நான் அதை நம்பட்டுமா, இதை நம்பட்டுமா?”

அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. நான் பேனாவை வாங்கி ஒன்பது வரிகளையும் அடித்தேன். கோலத்தையும் அடித்தேன். அடிக்கும்போது ஒரு நொடி கை நின்றது. பிறகு அடித்தேன். நான் தரையில் உட்காரவே போவதில்லை, இனி எப்போதும். நிற்கப் போகிறேன்.

“கடைசிப் பக்கத்துல நாப்பத்திரண்டு சென்டிமீட்டர்னு இருக்கே, அது என்ன?”

“பஸ் படிங்க.”

“அது முடியும்” என்றார் டாக்டர். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

பிறகு மயக்க மருந்து டாக்டர் ராகவேந்திரன் வந்தார். வாயைத் திறக்கச் சொன்னார், தலையைப் பின்னால் சாய்க்கச் சொன்னார். கொஞ்சம்தான் சாய்ந்தது. முதுகில் ஊசி போட முடியாது, அங்கே எலும்பு மூடிவிட்டது. முழு மயக்கம்தான் என்றார். “குடும்பத்துல யாருக்காவது இதே நோய் உண்டா? மயக்கம் கொடுத்தப்ப ஏதாவது பிரச்சினை?”

அம்மா அப்பாவைப் பார்த்தார்.

“இல்லீங்க” என்றார் அப்பா.

செப்டம்பர் 10 என்று தேதி குறித்தார்கள். அட்மிட் ஆகும் நாள்வரை நோட்டைத் தொடரச் சொன்னார்கள். “உங்க கையெழுத்துல” என்றார் பிரிசில்லா.


ஆகஸ்ட் 31

அப்பாவுக்கும் எனக்கும் சண்டை. இவ்வளவு வருடத்தில் இதுதான் முதல்.

டூட்டி முடிந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்றபடி சொன்னார்: “தேதியத் தள்ளிப் போடச் சொல்லீட்டு வந்தர்றேன்.”

“எதுக்குங்ப்பா?”

“எதுக்குன்னா... வேண்டாம். எப்படியோ நடக்கறயில்ல. நடக்காமயா இருக்கறே?”

“சுவத்தப் புடிச்சு நடக்கறேன். எனக்குச் சுவரில்லாத எடத்துல நடக்கணும்.”

“மயக்கங் குடுக்கறதெல்லாம் சாதாரணமில்ல கண்ணு. உனக்குத் தெரியாது.”

“உங்களுக்குத் தெரியுமா?”

எனக்கு அவர் பதில் சொல்லாமல் நிற்பதுதான் தாங்கவில்லை. நான்கு வருடமாகத் தாங்கவில்லை. சொல்லிவிட்டேன்.

“மடத்துக்குளத்துல என்னை மூட்டையாட்டம் தூக்கி ஏத்துனாங்க. நாலடி தள்ளி இருந்துட்டு நீங்க திரும்பிக்கூடப் பாக்கல. அன்னைக்கு வராத அக்கறை இன்னைக்கு என்னத்துக்கு? நான் பண்ணிக்கத்தான் போறேன். நீங்க கையெழுத்துப் போட வேண்டாம். எனக்கு இருவத்தெட்டு, நானே போட்டுக்குவேன்.”

அம்மாவின் மெஷின் நின்றது.

அப்பா திரும்பினார். அவர் எப்போதும் திரும்புவது போல. முதலில் பாதம், பிறகு மொத்த உடம்பும். கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

நான் சொன்னது நியாயம்தான். இரண்டு தடவை எழுதிப் பார்த்தாலும் நியாயமாகத்தான் இருக்கிறது.


செப்டம்பர் 4

டாக்டர் நோட்டு மெஷின் மேல் இல்லை. தேடியபோது அலமாரியில் இருந்தது. அம்மாவா என்று கேட்டேன். “சத்தியமா நான் தொடல. ஒருதடவ பட்டது பத்தாதா?” என்றார்.


செப்டம்பர் 8

ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். கட்டிலைப் பாதி உயர்த்திக் கொடுத்திருக்கிறார்கள்.

மதியம் ராகவேந்திரன் வந்து, நோட்டை என் மடியில் வைத்தார். “கடைசியிலேர்ந்து நாலாவது பக்கம். இது உங்க கையெழுத்து இல்ல, உங்க அம்மாவோடதும் இல்ல. எனக்கு எழுதினதுதான், ஆனா நீங்களும் படிக்கணும்னு நான் நினைக்கிறேன்.”

அப்பாவின் எழுத்து. டிரிப் ஷீட் நிரப்புகிற மாதிரி நேரம் போட்டு எழுதியிருக்கிறார். அப்படியே இங்கே எடுத்து எழுதுகிறேன்.

‘காலை 4.00: எழுந்திரிப்பது. வலது பக்கம் உருண்டு கை ஊன்றி. நேராக எழுந்து 19 வருடம் ஆகிறது.

4.50: வண்டி எடுப்பது. இடது கண்ணாடி, வலது கண்ணாடி, உள் கண்ணாடி. கழுத்து திரும்பாது. ரிவர்ஸிலும் திருப்பத்திலும் அன்வர் இறங்கிப் பார்த்துச் சொல்வான். இதுவரை விபத்து இல்லை.

தண்ணீர்: வாய் வைத்து. அண்ணாந்து ஊற்ற முடியாது.

2013ல் ஹெர்னியா ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுத்தார்கள். தொண்டையில் குழாய் போகவில்லை. கழுத்து சாயவில்லை. மூச்சு நின்றுவிட்டது, நெஞ்சில் அழுத்தி எழுப்பினோம் என்று பிறகு சொன்னார்கள். ஆபரேஷன் செய்யவில்லை. வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் வண்டி போய்விடும்.

27ந் தேதி நீங்கள் கேட்டபோது இல்லை என்று சொன்னேன். அது பொய்.

நாலு வருடம் முன்பு மடத்துக்குளத்தில் என் மகள் படி ஏற முடியாமல் நின்றாள். இடது கண்ணாடியில் முழுவதும் பார்த்தேன். திரும்ப முடியவில்லை. இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. இறங்கி அவள் பக்கத்தில் நின்றால் இரண்டு பேரும் ஒரே மாதிரி இருப்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று இருந்துவிட்டேன்.

என் நோய்தான் அவளுக்கு வந்திருக்கிறது. அவளுக்குக் குழாய் போடும்போது பார்த்துச் செய்யவும்.

க. மயில்சாமி, டிரைவர்.’

எனக்குத் தெரிந்திருந்தது. டம்ளர், பெல்ட், திரும்பும் விதம், எல்லாம் இந்த நோட்டிலேயே என் கையால் எழுதியிருக்கிறேன். அவற்றை ஒரு வரியில் சேர்த்து எழுதவில்லை. சேர்த்திருந்தால் அவர் மேல் கோபப்பட முடியாமல் போயிருக்கும். அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை காலைகளில் எழுந்திருக்கிறேன்.


அதே நாள், மாலை

ராகவேந்திரன் அப்பாவை உள்ளே கூப்பிட்டார். அப்பா யூனிஃபார்மிலேயே வந்திருந்தார். ஸ்டூலில் உட்காரவைத்து, கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்.

“அன்னைக்கு உங்களைத் தூங்க வெச்சிட்டு அப்புறம் வழி தேடியிருக்காங்க. இவங்களுக்கு முழிச்சிருக்கும்போதே, மூக்கு வழியா கேமரா விட்டு, வழியைக் கண்டுபிடிச்சு, குழாய் போய்ச் சேர்ந்த பிறகுதான் தூங்க வைப்பேன். புரியுதா? வழி முதல்ல. தூக்கம் அப்புறம்.”

“அவளுக்கு வலிக்குமுங்களா?”

“மரத்துப்போக மருந்து அடிப்பேன். வலிக்காது. நல்லாவும் இருக்காது.”

அப்பா தலையாட்ட முயன்றார். எங்கள் இருவருக்கும் தலையாட்டல் சரியாக வராது, தோள்தான் ஆடும்.

“வண்டி இன்னமும் ஓட்டறீங்களா?” என்று டாக்டர் கேட்டார். அப்பா ஜன்னலைப் பார்த்தார். “இன்னையோட சரிங்க” என்றார்.

டாக்டர் போனதும் அம்மா கட்டிலின் கால்மாட்டில் நின்று தொடங்கினார். அழப் போகிறார் என்று நினைத்துத் தயாரானேன்.

“ஏனுங், எனக்குத் தெரியாதுன்னு இத்தன வருஷம் நெனச்சீங்களாக்கும்? உங்க சட்டைக்கு யாரு தைக்கறது? வருஷா வருஷம் முன்னாடி கால் இஞ்சு குறைக்கறேன், பின்னாடி கால் இஞ்சு கூட்டறேன். இல்லாட்டி பின்னாடி தூக்கிட்டு நிக்குமே, சேவல் வாலாட்டம். கேட்டா வள்ளுனு விழுவீங்கன்னு வாய மூடிட்டுத் தெச்சேன்.”

அப்பா சட்டையின் முன்பக்கத்தை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, “போன வருஷம் தெச்சது கொஞ்சம் புடிக்குது” என்றார்.

அம்மா சிரித்தார். நான் சிரிக்கவில்லை, சிரித்தால் விலா வலிக்கும். ஆனாலும் சிரித்தேன்.

கிளம்பும்போது அப்பா என் கட்டிலருகே வந்தார். கையெழுத்துப் போட வேண்டிய படிவம் என் கையில் இருந்தது. சாட்சிக்கு ஓரிடம் காலியாக இருந்தது. நான் கொடுத்தேன். அவர் போட்டார். மடத்துக்குளத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை.


செப்டம்பர் 10

காலை 6.40. என் உடம்பு எலும்பை எலும்போடு ஒட்டுகிறது. இன்று பிரிக்கப் போகிறோம்.


செப்டம்பர் 14

எழுத முடிகிறது.

தொண்டையில் அடித்த மருந்து அப்படியொரு கசப்பு. மூக்கு வழியாகக் கறுப்புக் கயிறு மாதிரி ஒன்று போனது. மூச்சுத் திணறுவதாகத் தோன்றியது. கையைப் பிடித்திருந்த நர்ஸ், “வேண்டாம்னா கையைத் தட்டுங்க, நிறுத்திடுவாங்க” என்றார். நான் தட்டவில்லை. 2013ல் அப்பாவுக்குத் தட்ட ஒரு கை கிடைக்கவில்லை என்பது நினைவில் இருந்தது. “போயிருச்சு. அழகாப் போயிருச்சு” என்று ராகவேந்திரன் சொன்னது கேட்டது. அதோடு எல்லாம் அணைந்துவிட்டது.

ஆறரை மணி நேரம். இரண்டு பக்கமும்.

இன்று வாக்கரைப் பிடித்து நின்றேன். சுவர் தெரிந்தது. இத்தனை வருடம் நின்றால் எனக்குத் தரைதான் தெரியும். இப்போது எதிர்ச்சுவரும், அதில் கடிகாரமும், கடிகாரத்துக்கு மேல் ஒரு பல்லியும். அம்மா இஞ்ச் டேப்பை எடுத்து அளந்தார். ஆறு சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறேன்.

“எல்லா சுடிதாரும் பத்தாமப் போச்சு” என்று சொல்லிவிட்டு அழுதார்.


செப்டம்பர் 15

வலி. அதைப் பற்றி எழுத மாட்டேன்.


செப்டம்பர் 21

வீட்டுக்கு வந்தாயிற்று. புதிய மூட்டைச் சுற்றி மறுபடி எலும்பு முளைக்காமலிருக்க ஒரு மாத்திரை. என் உடம்பின் பேராசை டாக்டர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

செய்யக் கூடாதவை: குந்தக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது, தாழ்ந்த நாற்காலி கூடாது. தரை கூடவே கூடாது. பெரியம்மா பார்க்க வந்து, “இத்தன செலவு பண்ணியும் கீழ உக்கார முடியாதாமா? பாவம்” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார். “அவ எதுக்குக் கீழ உக்காரணும்? அவ நிக்கற உசரத்தப் பாருங்க.”


அக்டோபர் 17

பிசியோதெரபி: பத்து சென்டிமீட்டர் பலகை. அன்வர் அண்ணன் கட்டில் கடையில் சொல்லிச் செய்து தந்தார், ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கும்படி.

அப்பா இப்போது பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். முதலாளியிடம் போய் அவரே சொல்லிவிட்டார். இனி மற்றவர்கள் ஓட்டும் வண்டிகளின் நேரத்தை எழுதுகிறார். காலையில் நான்கு மணிக்கே எழுந்து, போக இடமில்லாமல் வாசலில் நடக்கிறார். நானும் எழுந்திருந்தேன். இருவரும் இருபது தடவை நடந்தோம். எட்டாவது தடவையில் சொன்னார்:

“கண்ணாடியெல்லாம் நல்லாத்தான் வெச்சிருந்தேன்.”

“தெரியுங்ப்பா.”

“கொழந்தை எதாச்சும் குறுக்க ஓடியிருந்தா கண்ணாடியில தெரிஞ்சிருக்காது. இப்பத்தான் அத நெனச்சுப் பாக்கறேன்.”

அதற்கு நான் ஆறுதல் சொல்லவில்லை. அவர் சொல்வது உண்மை.


நவம்பர் 20

முப்பது சென்டிமீட்டர்.


டிசம்பர் 3

நாற்பதில் விழப் பார்த்தேன். பலகை நகர்ந்தது. அம்மா கத்தியதில் பக்கத்து வீட்டு நாயும் சேர்ந்து குரைத்தது. அப்பா ஓடிவந்து பலகையின் மறுமுனையைப் பாதத்தால் மிதித்துக்கொண்டு நின்றார். பிடிக்க வரவில்லை. “மறுபடி ஏறு” என்றார்.

ஏறினேன்.


டிசம்பர் 19

உடுமலை பஸ் ஸ்டாண்ட், 9.25 பழனி வண்டி. அப்பா ஓட்டிய அதே வண்டி. புது டிரைவருக்கு என் வயதிருக்கும்.

அம்மா பையைப் பிடித்துக்கொண்டார். கையைப் பிடிக்க வந்தார், நான் கொடுக்கவில்லை. அப்பா டைம் கீப்பர் கூண்டில் எழுதிக்கொண்டிருந்தார், அல்லது எழுதுவது மாதிரி இருந்தார். முன்வாசல். கம்பியை இரண்டு கையாலும் பிடித்தேன். பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள்.

“ஏறும்மா சட்டுனு, எடத்தை மறிச்சுக்கிட்டு...”

“ஏறுவேன்” என்றேன். “நில்லுங்க.”

வலது கால். நாற்பத்திரண்டு. வந்தது. உடம்பை மேலே இழுத்தேன். இடது கால். இன்னும் இரண்டு படிகள், அவை குட்டை. யாரும் தொடவில்லை.

நான் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அன்வர் அண்ணன் வந்து, “மயிலண்ணன் பொண்ணுக்கு டிக்கெட்டா?” என்று கையை விரித்தார். “பழனி ஒண்ணு. கிழிச்சுக் குடுங்க” என்றேன். கிழித்துக் கொடுத்துவிட்டு, வழக்கத்தைவிட நீளமாக விசில் ஊதினார்.

வண்டி பின்னால் எடுத்துத் திரும்பியது. அப்பா கூண்டிலிருந்து வெளியே வந்து நின்றார். பஸ் அவரைக் கடந்து போகப் போக, அவர் திரும்பினார். முதலில் பாதம், பிறகு முழங்கால், பிறகு முதுகும் கழுத்தும் தலையும் ஒன்றாக, ஒரு கதவு திறப்பது போல. நானும் சீட்டில் அப்படியே திரும்பினேன். ஸ்டாண்டில் அத்தனை பேர் பார்த்தார்கள். ஒரே மாதிரி இருக்கிற இரண்டு பேரை நன்றாகப் பார்த்திருப்பார்கள்.

அவர் கையைத் தூக்கவில்லை. முழுதாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பழனியில் இறங்கி ஒரு டீ குடித்தேன், வாய் வைத்துத்தான். அடுத்த வண்டியில் ஏறித் திரும்பினேன். மொத்தம் இரண்டு தடவை ஏறினேன், இரண்டு தடவை இறங்கினேன். இதையெல்லாம் டாக்டர் நோட்டில்தான் எழுத வேண்டும். ஆனால் அது இப்போது அப்பாவிடம் இருக்கிறது. ஜனவரி ஆறாம் தேதி ஹெர்னியாவுக்காக அவர் ராகவேந்திரனைப் பார்க்கப் போகிறார். அதுவரை உள்ளது உள்ளபடி எழுதச் சொல்லியிருக்கிறேன்.